பெரிய பாதையில் கூட நடப்பவர்களோடு: நாம் செய்யும் தவறுகள்

கார்த்திகை பிறந்துவிட்டால் எங்கள் கரையோர ஊர்களில் கறுப்பு வேட்டியும் துளசி மாலையும் கண்ணில் பட ஆரம்பிக்கும். மண்டபம், உச்சிப்புளி, தேவிபட்டினம், தொண்டி என்று எந்த ஊரை எடுத்தாலும் ஒரு குருசாமி இருப்பார். அவரை நம்பிப் பத்துப் பதினைந்து பேர் சபரிமலைக்கு மாலை போட்டிருப்பார்கள். பெரும்பாலானோர் நிலக்கல் வரை வேனில் போய், பம்பையிலிருந்து மலை ஏறித் திரும்பிவிடுவார்கள். எருமேலியில் இறங்கிப் பெரிய பாதை என்கிற பழைய காட்டுவழியில் நடப்பவர்கள் குறைவு. அந்தக் குறைவான கூட்டத்தில் நானும் பல வருடங்களாக நடந்து வருகிறேன்.

எருமேலியில் வண்ணம் பூசி ஆடிப் பேட்டை துள்ளி, ஐயப்பனின் தோழர் வாவரின் பள்ளிவாசலை வலம் வந்து கிளம்பினால் பேரூர்த்தோடு, காளைகட்டி, அழுதா நதி, கல்லிடும்குன்று, இஞ்சிப்பாறைக்கோட்டை, கரிமலை, வலியானவட்டம், சிறியானவட்டம், அப்புறம் பம்பை. மொத்தம் நாற்பது கிலோமீட்டருக்கு மேல். இதில் அடர்ந்த காடு பெரியாறு புலிகள் காப்பகத்தைச் சேர்ந்தது. ஏற்றம் கடினம், இறக்கம் கடினம் என்று எல்லோரும் சொல்லித்தான் அனுப்புவார்கள். கூட வருகிறவர்களோடு எப்படி நடப்பது என்று யாரும் சொல்லி அனுப்புவதில்லை. அந்தக் காட்டில் நான் பார்த்த கண்ணீரில் பாதிக்கு மேல், கூட வந்தவர்கள் விட்டுவிட்டுப் போனதால் வந்த கண்ணீர்.

முதல் தவறு ஊரிலேயே ஆரம்பிக்கிறது. நாங்கள் சமதரையில் வாழ்கிறவர்கள். ராமேசுவரத்தில் கந்தமாதன பர்வதம் என்று ஒன்று இருக்கிறது, பேர்தான் பர்வதம், ஏறிப் பார்த்தால் மணல்மேடு. அதை விட்டால் எங்களுக்கு ஏற்றம் என்று சொல்ல பாம்பன் ரோட்டுப் பாலம்தான். கடலில் வலை இழுக்கிறவன் தோளும் கையும் இரும்பு மாதிரி இருக்கும். அந்த நம்பிக்கையில் ஒரு நாள்கூட நடந்து பழகாமல் வந்துவிடுகிறான். காட்டில் அவன் முழங்கால் பிடித்துக்கொள்ளும்போது கஷ்டம் அவனுக்கு மட்டும் இல்லை, இரண்டு பேர் அவனைத் தாங்கிக்கொண்டு வர வேண்டும். மாலை போட்ட 41 நாளும் விடிகாலையில் குழுவாக நடந்து பாருங்கள். தனியாக இல்லை, குழுவாக. யார் வேகம், யார் மெதுவு, யாருக்கு எத்தனை கிலோமீட்டரில் மூச்சு வாங்குகிறது என்பதெல்லாம் அப்போதே தெரிந்துவிடும். வெறுங்காலோடு நடக்கப் போகிறவர்கள் கடற்கரை ஈரமணலில் மட்டும் நடந்து பழகினால் போதாது. அது பாதத்தைக் கொஞ்சும். கல்லும் வேரும் அப்படி இல்லை. ஆனால் சீமைக்கருவேல முள் கிடக்கும் வண்டிப்பாதையில் வெறுங்காலோடு பயிற்சி எடுக்காதீர்கள், அந்த முள் செருப்பையே துளைத்துக்கொண்டு ஏறும். மாலை போட்ட பிறகு காலில் முள் ஏறிச் சீழ் வைத்து, யாத்திரையே தடைபட்டவர்கள் எங்கள் பக்கம் உண்டு.

இனி வேகத்தைப் பற்றி. இதை நான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

ஒரு வருடம் எங்களோடு ஒரு கன்னிசாமி, அதாவது முதல்முறை மலைக்கு வருகிறவர், வந்தார். ஐம்பது வயது, ஊரில் வலை முடைகிறவர், அதிகம் பேச மாட்டார். அழுதா நதியில் முங்கிக் கல் எடுத்துக்கொண்டு மேடு ஏற ஆரம்பித்தோம். இளவட்டங்கள் சரணம் சொல்லிக்கொண்டே முன்னால் ஓடிவிட்டார்கள். நடுவில் இருந்த நாங்கள் அவர்களைப் பிடிக்கிறோம் என்று எட்டி நடை போட்டோம். கல்லிடும்குன்றில் நின்று எண்ணிப் பார்த்தால் ஒருவர் குறைகிறார். காட்டுக்குள் பல இடங்களில் சிக்னல் கிடைக்காது, கூப்பிட வழியில்லை. நானும் இன்னொரு சாமியும் திரும்பி இறங்கினோம். பாதையோரம் ஒரு மரத்து வேரில் உட்கார்ந்திருந்தார். வேறு ஊர்ச் சாமிகள் இரண்டு பேர் அவருக்கு விசிறிக்கொண்டிருந்தார்கள். எங்களைப் பார்த்ததும் கோபப்படவில்லை. "சாமி, என் தண்ணி பாட்டில் உங்க பையில இருக்கு" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

பாரம் குறையட்டும் என்று காளைகட்டியில் நான்தான் அதை வாங்கி என் பையில் வைத்திருந்தேன். உதவி என்று நினைத்துச் செய்தது. அந்த பாட்டிலை எடுத்து நீட்டியபோது என் கை நடுங்கியது இன்னும் நினைவிருக்கிறது.

அதற்குப் பிறகு எங்கள் குழுவில் இரண்டு வழக்கம் வந்தது. ஒருவருடைய தண்ணீர், மாத்திரை, டார்ச் மூன்றும் அவரவர் பையிலேயே இருக்க வேண்டும். பாரத்தைப் பகிர்ந்துகொள்வதாக இருந்தால் ஜமுக்காளம், அரிசி, பாத்திரம் இதெல்லாம் கைமாறலாம், இந்த மூன்றும் மாறக் கூடாது. இன்னொன்று, கடைசிச் சாமி. நன்றாக நடக்கத் தெரிந்த, பொறுமையுள்ள ஒருவர் எப்போதும் கடைசியில்தான் வருவார். அவருக்குப் பின்னால் நம் ஆள் யாரும் இருக்கக் கூடாது. முன்னால் போகிறவர்கள் ஒவ்வொரு தாவளத்திலும், அதாவது வழியில் தங்கி இளைப்பாறும் இடத்திலும், அவர் வந்து சேரும்வரை நிற்க வேண்டும். இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. மெதுவாக நடக்கிறவர் மூச்சு வாங்க வந்து சேர்ந்த அந்த நொடியே "சரி, கிளம்பலாம்" என்று எழுந்துவிடக் கூடாது. முன்னால் வந்தவர்களுக்கு இருபது நிமிஷ ஓய்வு, யாருக்குத் தேவையோ அவருக்கு ஒன்றும் இல்லை என்று ஆகிவிடும். கடைசியாக வந்தவர் உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, வியர்வை அடங்கிய பிறகுதான் ஓய்வு நேரத்தையே எண்ண வேண்டும்.

கடலுக்குப் போகும்போது எங்கள் ஆட்களுக்கு இதையெல்லாம் சொல்லித் தர வேண்டியதே இல்லை. ஒரு வள்ளத்தில் நாலு பேர் போனால் ஒருவனுக்கு வாந்தி மயக்கம் என்றாலும் மீன்பிடிப்பை நிறுத்திவிட்டுக் கரைக்குத் திருப்புவார்கள். அதே ஆட்கள் காட்டில் கால் தனித்தனி என்று நினைத்துவிடுகிறார்கள்.

வலியை மறைப்பது அடுத்த தவறு. கன்னிசாமிகள்தான் அதிகம் மறைப்பார்கள், குருசாமி என்ன நினைப்பாரோ என்ற கூச்சம். குதிகாலில் கொப்புளம் வந்ததும் பாதத்தின் வெளி ஓரத்தில் ஊன்றி நடப்பார்கள், அதனால் முழங்காலும் இடுப்பும் சேர்ந்து கெட்டுப்போகும். சூடாக உரசுகிறது என்று தெரிந்த உடனேயே நின்று துணிப் பிளாஸ்திரி ஒட்டினால் கொப்புளமே வராமல் தடுக்கலாம். வந்துவிட்டால் மேல்தோலைக் கிழிக்காதீர்கள், அதுதான் உள்ளே இருக்கும் புண்ணுக்கு மூடி. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கும், காயம் பட்டதே தெரியாது. தாவளத்தில் உட்காரும்போது பக்கத்தில் இருப்பவர் டார்ச் அடித்து அவர் பாதத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். விரதம் என்று ஒருவேளை மட்டும் சாப்பிட்டுக்கொண்டு மாத்திரையைப் பழைய அளவிலேயே போடுவதும் ஆபத்து. மாலை போடுவதற்கு முன்பே டாக்டரிடம் கேட்டுவிடுங்கள்.

இன்னொன்றைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். ஏற்றத்தில் நெஞ்சு அடைப்பதுபோல் இருந்தாலோ, வலி கைக்கோ தாடைக்கோ பரவினாலோ, "வாயுதான் சாமி" என்று சுக்குத் தண்ணீர் குடித்துவிட்டு நடக்க வேண்டாம். கூட இருப்பவர்களும் அந்தப் பேச்சை நம்ப வேண்டாம். அவரை உட்கார வைத்து, பாதையில் உள்ள மருத்துவ உதவி மையத்துக்கு ஆள் அனுப்புங்கள். நாற்பது வயது தாண்டியவர்கள் ஊரிலேயே ஒருமுறை இதயத்தைப் பரிசோதித்துக்கொண்டு வருவது மற்றவர்களுக்குச் செய்யும் பெரிய உதவி.

எங்கள் ஊர்க் குழுக்களுக்கே உரிய ஒரு தவறும் உண்டு. ஊரில் ஒருவர் படகுக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி, இன்னொருவர் அவரிடம் முன்பணம் வாங்கி வேலை பார்க்கிறவர். மாலை போட்டால் இருவருமே சாமி. பாதையில் சம்மாட்டி தன் பையைத் தூக்கி, "சாமி, கொஞ்சம் பிடிங்க" என்பார். மரியாதையாகத்தான் கேட்பார். ஆனால் கடன் வாங்கியவரால் எப்படி மறுக்க முடியும்? கரிமலை ஏற்றத்தில் இரண்டு பைகளோடு ஒருவர் ஏறியதைப் பார்த்திருக்கிறேன். குருசாமி அதைக் கவனித்து, ஒன்றும் பேசாமல் அந்தப் பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டார். அடுத்த தாவளத்தில் சம்மாட்டியே வந்து வாங்கிக்கொண்டார். அப்போதிலிருந்து பயணச் செலவையும் எல்லோரும் சமமாக முன்கூட்டியே கொடுத்துவிடுகிறோம். ஒருவர் கையில் பணம், இன்னொருவர் கையில் நோட்டு. கூடுதலாகப் போடுகிறேன் என்று யார் சொன்னாலும் அன்னதான உண்டியலைக் காட்டிவிடுவோம்.

பொருள் எடுத்துவருவதில் கலந்து பேசாமல் இருப்பதும் வழக்கமான தவறு. பன்னிரண்டு பேரிடம் பன்னிரண்டு தைலக் குப்பி இருக்கும், உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம் ஒன்றுகூட இருக்காது. கடற்கரையில் வியர்த்துப் பழகியவர்களுக்குத் தாகம் தாங்கும் என்ற எண்ணம் உண்டு. காட்டின் புழுக்கத்தில் வியர்வை காய்வதே இல்லை, வெறும் தண்ணீரையே மடக் மடக்கென்று குடித்துவிட்டுக் கெண்டைக்கால் இழுத்துக்கொண்டு கிடப்பார்கள். பாக்கெட்டில் எழுதியிருக்கும் அளவுத் தண்ணீரில் முழுப் பொட்டலத்தையும் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வேண்டும். ஓடைத் தண்ணீரை அப்படியே குடிக்காதீர்கள், மேலே என்ன கலந்தது என்று தெரியாது.

கரிமலை உச்சிக்கு வந்ததும் "இனி இறக்கம்தானே" என்று எல்லோர் முகமும் மலரும். அங்கேதான் குழு இரண்டாவது முறை சிதறும். ஏறும்போது நுரையீரல் தடுக்கும், இறங்கும்போது தடுக்க ஒன்றும் இல்லை, அதனால் கால் தானாக ஓடும். ஒவ்வொரு அடியிலும் உடம்பு மொத்தத்தையும் தொடைத்தசை பிரேக் மாதிரி பிடித்து நிறுத்துகிறது. சமதரைக்காரர்களுக்கு அந்தத் தசை பழகியே இருக்காது. சின்ன அடியாக வையுங்கள், முழங்காலைக் கொஞ்சம் மடக்கியே வைத்துக்கொள்ளுங்கள், செங்குத்தான இடத்தில் பக்கவாட்டில் இறங்குங்கள், கம்பை முன்னால் ஊன்றிப் பிறகு காலை வையுங்கள். பின்னால் வருகிறவர் முன்னால் இருப்பவரை "நகருங்க சாமி" என்று அவசரப்படுத்தவே கூடாது. அந்த ஒரு வார்த்தையில் தடுமாறி வேரில் கால் சிக்கி விழுந்தவர்கள் உண்டு. இதற்கும் ஊரிலேயே பழகலாம். மாடிப்படியில் ஏறுவதைவிட, மெதுவாக இறங்கிப் பழகுங்கள்.

காட்டுக்குள் விடும் நேரத்தை வனத்துறை தீர்மானிக்கிறது, அது மாறிக்கொண்டும் இருக்கிறது. கடைசி நிமிஷத்தில் நுழைவதற்காக ஓட வேண்டாம். யானை நடமாடும் இடம், ஒதுங்கப் போனாலும் இருவராகப் போங்கள், கற்பூரம் ஏற்றினால் அணைந்ததைப் பார்த்துவிட்டு நகருங்கள். தாவளத்தில் இரவு போனில் சத்தமாகப் பாட்டு வைக்காதீர்கள், பக்கத்தில் படுத்திருப்பவர் விடிகாலையில் கரிமலை ஏற வேண்டியவர்.

பேச்சிலும் கவனம் வேண்டும். "இது எனக்குப் பதினெட்டாவது மலை" என்று ஒருவர் ஆரம்பித்தால் கன்னிசாமிகள் வாயை மூடிக்கொள்வார்கள். அப்புறம் அவர்கள் தலைசுற்றுகிறது என்றுகூடச் சொல்ல மாட்டார்கள். அதனால் எங்கள் குழுவில் மூத்தவர்கள் முதலில் தங்கள் வலியைச் சொல்வார்கள். குருசாமியே "எனக்கு வலது முழங்கால் குத்துது" என்றால் மற்றவர்களும் வாய் திறப்பார்கள்.

பம்பையில் கட்டியிருந்த துணியை ஆற்றில் விடுவது சடங்கே இல்லை. கேரள உயர் நீதிமன்றம் அதைத் தடை செய்திருக்கிறது. குழுவில் ஒருவர் விட்டால் அதைப் பார்த்துப் பத்துப் பேர் விடுவார்கள், முதல் ஆளின் கையைப் பிடித்துவிடுங்கள்.

கடைசியாக, நம்மோடு நடக்காத ஒருவர். வேன் ஓட்டுநர். மதுரை, கம்பம், குமுளி, முண்டக்கயம் வழியாக எங்களை எருமேலியில் இறக்கிவிட்டு, நிலக்கல்லில் வண்டியைப் போட்டுக்கொண்டு காத்திருப்பார். நாம் தரிசனம் முடித்துப் பம்பையிலிருந்து பஸ்ஸில் நிலக்கல் வந்ததும், வீட்டு நினைப்பில் அவரை எழுப்பி உடனே கிளம்பச் சொல்கிறோம். மலைப்பாதை, இரவு, பின்னால் எல்லோரும் தூக்கம். எங்கள் ஓட்டுநர் கீழக்கரைப் பக்கத்து பாய். எருமேலியில் வாவர் பள்ளிவாசலுக்கு எங்களோடு வருவார். நிலக்கல்லில் அவர் தூங்கிக்கொண்டிருந்தால் யாரும் எழுப்ப மாட்டோம். பக்கத்திலேயே ஜமுக்காளத்தை விரித்து நாங்களும் படுத்துவிடுவோம். பாய் தானாக எழுந்து, முகம் கழுவி, டீ குடித்து, "ஏறுங்க சாமி" என்று சொன்ன பிறகுதான் பைகளை வண்டிக்கு மேலே கட்டுவோம்.