½CV²-இல் அந்தப் பாதி எங்கிருந்து வருகிறது? தொட்டி நீரும் ஒரு மின்தேக்கியும்

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்தில் தோட்டத்து மோட்டார் ஓடாமல் உறுமிக்கொண்டு நின்றால், "கண்டன்சர் போயிருக்கும்" என்பார் மெக்கானிக். மின்னூட்டத்தைச் சேர்த்துவைக்கும் அந்தக் கண்டன்சரைத்தான் பாடநூல் மின்தேக்கி என்கிறது. C அதன் மின்தேக்குத்திறன், V அதன் மின்னழுத்தம் என்றால், அதில் சேரும் ஆற்றல் ½CV² என்று பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்கள் தயங்காமல் சொல்கிறார்கள். பாதி ஏன் என்று கேட்டால்தான் வகுப்பு அமைதியாகிவிடுகிறது.

முதலில் புலத்தைப் பார்ப்போம். தரைக்கு அருகில் ஒவ்வொரு கிலோகிராம் நிறையையும் புவி 9.8 நியூட்டன் விசையால் இழுப்பதால், அதை h மீட்டர் தூக்க 9.8h ஜூல் வேலை செய்ய வேண்டும். மின்தேக்கியின் இரு இணைத் தகடுகளுக்கு இடையே மின்புலமும் இவ்வாறே சீரானது. ஒரு கூலும் மின்னூட்டத்தை V வோல்ட் வேறுபாட்டுக்கு எதிராக நகர்த்த V ஜூல் வேண்டும். ஆகவே வோல்ட்டை மின்னூட்டம் ஏற வேண்டிய உயரமாகக் கொள்ளலாம். நிறைகள் ஒன்றையொன்று ஈர்க்க மட்டுமே செய்யும், மின்னூட்டங்கள் விலக்கவும் செய்யும் என்ற வேறுபாட்டையும் மறக்கக் கூடாது.

இப்போது, நேர்ச்சுவர் கொண்ட ஒரு தொட்டிக்கு அதன் அடிப்பகுதியில் உள்ள குழாய் வழியே நீர் ஏற்றுங்கள். முதல் குடம் நீர் எந்த உயரமும் ஏறுவதில்லை. கடைசிக் குடத்தையோ முழு நீர்மட்டத்துக்கும் எதிராகத் தள்ள வேண்டும். சராசரி பாதி உயரம். மின்தேக்கியிலும் மின்னழுத்தம் சுழியிலிருந்து V வரை சீராக உயர்வதால் சராசரி V/2 ஆகிறது. சேரும் மின்னூட்டம் Q = CV; அதை V/2-ஆல் பெருக்கினால் ½CV². கிருஷ்ணகிரி அணையை நான் இங்கே உவமையாக எடுக்காததற்குக் காரணம் உண்டு: நீர்த்தேக்கம் மேலே போகப்போக அகலும், எனவே நீரின் சராசரி உயரம் பாதிக்கும் மேல். மின்தேக்குத்திறன் மின்னழுத்தத்தைப் பொறுத்து மாறாததால், மின்தேக்கி நேர்ச்சுவர்த் தொட்டிதான்.

இனிச் சோதனை. 1000 மைக்ரோஃபாரட், 25 வோல்ட் மின்பகு (எலக்ட்ரோலிட்டிக்) மின்தேக்கி, 47 கிலோ ஓம் மின்தடை, 9 வோல்ட் பேட்டரி, மல்டிமீட்டர் ஆகியவை போதும். மின்தேக்கியின் உடலில் கோடு போட்ட பக்கத்துக் கால் எதிர்முனை. அதைப் பேட்டரியின் எதிர்முனையோடு மட்டுமே இணைக்கவும், மாற்றி இணைத்தால் உப்பி வெடிக்கக்கூடும். மோட்டாரிலிருந்தோ மின்விசிறியிலிருந்தோ கழற்றிய கண்டன்சரை ஒருபோதும் இதற்குப் பயன்படுத்தாதீர்கள். இணைப்பைத் துண்டித்த பிறகும் அதில் மின்னூட்டம் தங்கியிருக்கும்.

மல்டிமீட்டரை 20 வோல்ட் நேர்மின்னோட்ட (DC) அளவில் வைத்து மின்தேக்கியின் கால்களில் பொருத்திக்கொண்டு, பேட்டரியைச் சில நொடிகள் தொடவிடுங்கள்; எண் 9-க்கு அருகே வந்து நிற்கும். பேட்டரியை எடுத்துவிட்டு மின்தடையைக் குறுக்கே இணைத்து, 10 நொடிக்கு ஒருமுறை அளவீட்டைக் குறியுங்கள். முதலில் மளமளவென்று இறங்கும் எண், போகப்போகத் தயங்கும். மின்தடை R-ஐ C-யால் பெருக்கினால் 47 நொடி. அப்போது தொடக்க அளவில் ஏறத்தாழ 37 சதவீதம், அதாவது 3.3 வோல்ட் இருக்க வேண்டும். மின்பகு வகையில் அச்சிட்ட மதிப்பே 20 சதவீதம் வரை விலகலாம் என்பதால், சில நொடி முன்பின்னாக வந்தால் கவலை வேண்டாம்.

9 வோல்ட்டில் சேர்ந்திருந்த ஆற்றல் 0.0405 ஜூல், 200 கிராம் மாங்காய் ஒன்றை 2 சென்டிமீட்டர் தூக்க அது போதும். பேட்டரி கொடுத்ததோ QV, அதாவது 0.081 ஜூல். மீதிப் பாதி, மின்னேற்றம் நடந்த அந்தக் கணத்திலேயே கம்பியிலும் பேட்டரியின் அகத்தடையிலும் வெப்பமாகிப் போயிற்று.