சட்டுவத்தால் பீங்கான் தட்டு வனைபவர்கள் செய்யும் தவறுகள்

சட்டுவத்தைச் சக்கரத்துக்கு நான் கொண்டுபோனது வேறு வழியில்லாமல்தான். தட்டின் அடியை அழுத்திச் சமமாக்க ஒரு மரத்துண்டு வைத்திருந்தேன். பட்டறைகளில் அதை ‘ரிப்’ என்பார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அது ஈரத்தில் ஊறி இரண்டாகப் பிளந்துவிட்டது. மண் சக்கரத்தின் நடுவில் தயாராக நிற்கிறது, கையெல்லாம் சேறு. அடுப்படியில் தோசைக்கல் பக்கத்தில் கிடந்த எவர்சில்வர் சட்டுவத்தை எடுத்து வந்துவிட்டேன். சில வீடுகளில் தோசைத்திருப்பி என்பார்கள், எங்களுக்குச் சட்டுவம். அன்று வனைந்த 4 தட்டில் 3 வீணாகிவிட்டன. நாலாவது மட்டும், அதுவரை நான் வனைந்த எந்தத் தட்டையும்விடச் சமமாக வந்தது.

அந்த 3 தட்டும் ஏன் கெட்டன என்று யோசித்தபோது ஒன்று புரிந்தது. சட்டுவத்தைப் பிடித்ததும் கை அடுப்படி வேலைக்குப் போய்விடுகிறது. சொருகு, சுரண்டு, தூக்கு, புரட்டு. தோசைக்கு வேண்டிய இந்த நாலும் ஈர மண்ணுக்கு ஆகாது. நான் சொல்லப்போகும் தவறுகளில் பாதிக்கு மேல் இந்தப் பழக்கத்தில் இருந்து வருபவை.

மானாமதுரைப் பக்கம் பானை செய்வதைப் பார்த்திருந்தால், தட்டு ஏன் இவ்வளவு படுத்துகிறது என்பது விளங்கும். அங்கே சக்கரத்தில் வாயும் கழுத்தும் உடம்பும்தான் உருவாகும். மண் கொஞ்சம் இறுகியதும், உள்ளே கல்லைக் கொடுத்து, வெளியே பலகையால் தட்டித் தட்டி அடிப்பாகத்தை உருட்டி எடுப்பார்கள். தட்டத் தட்ட மண் நெருங்கி உட்காரும், அதனால் விரிசல் விடுவது குறைவு. பானைக்குத் தட்டையான அடியும் கிடையாது. இலையில் சாப்பிட்ட ஊருக்கு மண்தட்டு எதற்கு என்று விட்டுவிட்டார்களோ என்னவோ. நம் தட்டு அப்படியில்லை. அதற்கு வயிறு இல்லை, தோள் இல்லை, முழுக்க அடிப்பாகம்தான். தட்டி இறுக்க வழியில்லாததால் சக்கரத்திலேயே அழுத்தி இறுக்க வேண்டும். சட்டுவம் அந்த அழுத்தத்துக்கு. வழித்தெடுக்க அல்ல.

கருவியில் இருந்தே தொடங்குகிறேன். கடையில் வாங்கிய சட்டுவத்தை அப்படியே மண்ணில் வைப்பது முதல் தவறு. தகட்டை அச்சில் வெட்டியதால் விளிம்பில் பிசிறு இருக்கும். தோசைக்கல்லில் அது தெரியாது, மண்ணில் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு கோடு போடும். கையையும் கிழிக்கும். நைசான உப்புத்தாளில் தண்ணீர் விட்டு விளிம்பைத் தேயுங்கள். இரண்டு மூலைகளையும் நகம்போல வளைவாக்கிவிடுங்கள். கூரான மூலைதான் தட்டின் ஓரத்தில் மாட்டி, மொத்தத்தையும் ஒரே இழுப்பில் சக்கரத்தை விட்டுப் பிடுங்கும். ஓட்டை போட்ட சட்டுவம் வேண்டாம், விளிம்பு நேராக இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். மதுரை மாசி வீதிப் பக்கம் எந்தப் பாத்திரக்கடையிலும் கிடைக்கும். இரும்புச் சட்டுவம் துருப்பிடிக்கும். செம்மண்ணில் பரவாயில்லை, வெள்ளை மண்ணில் அந்தத் துரு சுட்ட பிறகு கரும்புள்ளியாக நிற்கும். அப்புறம், நீளமான பிடி முழங்கையில் இடிக்கும். எனக்குப் பிடி பாதி நீளம் இருந்தால் போதும் என்று தோன்றியது, அறுத்துவிட்டேன். ஆனால் அதற்கு முன்னால் வீட்டில் கேட்டுவிடுங்கள்.

இனி முக்கியமான இடம். எந்தப் பக்கம் வைப்பது, எப்படிச் சாய்ப்பது என்பதில்தான் பெரும்பாலான தட்டுகள் போகின்றன.

சுவர் பூசும் கொத்தனாரைக் கவனித்துப் பாருங்கள். கரண்டி எந்தப் பக்கம் நகர்கிறதோ அந்தப் பக்கத்து விளிம்பைத் துளி தூக்கியிருப்பார். பின்விளிம்பு கலவையை அழுத்திக்கொண்டே போகும். முன்விளிம்பைத் தூக்காமல் குத்தினால் பூச்சு பெயர்ந்து கையோடு வந்துவிடும். சக்கரத்திலும் இதே கணக்குதான், கரண்டி நிற்கிறது, மண் ஓடுகிறது என்பது மட்டும்தான் வித்தியாசம். மண் வருகிற பக்கம் சட்டுவத்துக்கும் மண்ணுக்கும் இடையே சந்து திறந்திருக்க வேண்டும். மண் வெளியேறுகிற பக்கம் விளிம்பு அழுத்த வேண்டும்.

சக்கரம் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் சுற்றுவதாக வைத்துக்கொள்வோம். வலது பாதியில் மண் உங்களைவிட்டு விலகி ஓடும். சட்டுவத்தை அங்கேதான் வைக்க வேண்டும். பிடி உங்கள் பக்கம், விளிம்பு நடுப்புள்ளியில் இருந்து வலது ஓரத்துக்கு ஆரம் போட்டதுபோல் நேராக. தகடு மண்ணோடு ஏறக்குறைய 30 டிகிரி சாய்ந்திருந்தால் போதும். இதே பிடியோடு இடது பாதிக்குப் போனால் மண் உங்களை நோக்கி ஓடிவந்து விளிம்பில் மோதும். தோசைக்கு அடியில் சொருகுவது போன்ற வேலைதான் அங்கே நடக்கும், அடி உரிந்துவிடும். பல மோட்டார் சக்கரங்களில் திசை மாற்றும் சுவிட்ச் உண்டு. இரவல் சக்கரத்தில் உட்காரும்போது முதலில் அது எந்தத் திசையில் சுற்றுகிறது என்று பாருங்கள். பார்க்காமல் உட்கார்ந்து நான் அவமானப்பட்ட கதை இங்கே வேண்டாம்.

சாய்க்கத் தோன்றாமல் தகட்டை முழுசாகப் படுக்க வைப்பவர்களும் உண்டு. ஈர மண் வழவழப்பான தகட்டைக் கவ்விக்கொள்ளும், காற்றுப் புகாது. எடுக்கும்போது ‘பச்சக்’ என்ற சத்தத்தோடு தட்டின் நடு மேலே எழும்பி வரும். மறுபடி அமுக்கினால் கீழே போனதுபோல் தெரியும். ஆனால் களிமண்ணுக்கு ஞாபகம் அதிகம். ஒரு தடவை வளைந்ததை அது மறப்பதில்லை, சூளைச் சூட்டில் பழைய வளைவுக்குத் திரும்பப் பார்க்கும்.

எத்தனை தடவை அழுத்துவது? அடியின் ஓரத்தில் இருந்து நடுவுக்கு, நடுவில் இருந்து அடியின் ஓரத்துக்கு, அப்படிப் போய்வருவதை ஒரு தடவையாகக் கணக்கு வைத்து 3 அல்லது 4 தடவை. புதிதாக வனைபவர்கள் நடுப்புள்ளியைத் தொடாமல் விட்டுவிடுகிறார்கள். அங்கே மண் ஓடுவதே இல்லை, நின்ற இடத்தில் திருகிக்கொண்டிருக்கும். அதனால் அழுத்தம் கொடுத்ததாகவே கைக்குத் தெரியாது. அந்த இடத்தில் விளிம்பை ஒரு விநாடி நிறுத்தி, நடுவைத் தாண்டி ஒரு விரலளவு போய், அப்புறம் திரும்புங்கள். விட்டால் காய்ந்த பிறகோ சுட்ட பிறகோ நடுவில் ஆங்கில எழுத்து ‘எஸ்’ போல ஒரு விரிசல் வளைந்து கிடக்கும். வனைந்த அன்று செய்த பிழை, 3 வாரம் கழித்துச் சூளையைத் திறக்கும்போதுதான் முகம் காட்டும். அந்த ‘எஸ்’ விரிசலுக்கு இன்னொரு காரணம் தண்ணீர். சட்டுவம் வழுக்க வேண்டுமென்று அள்ளி அள்ளி ஊற்றினால் அது நடுவில் குளமாகத் தேங்கி அங்கே மட்டும் மண்ணைக் குழைய வைக்கும். சட்டுவத்தை நனைத்தால் போதும், மண்ணை நனைக்க வேண்டாம். தேங்கியதை ஸ்பாஞ்சால் ஒற்றி எடுத்துவிடுங்கள்.

அளவில் ஒரு கணக்கு. சுட்ட பிறகு 25 சென்டிமீட்டர் அகலம் வேண்டுமா? அதிகச் சூட்டில் கல்போல இறுகும் ‘ஸ்டோன்வேர்’ மண் காய்ந்து, வெந்து முடிவதற்குள் மொத்தத்தில் சுமார் 12 சதவீதம் சுருங்குவதாக வைத்தால், சக்கரத்தில் 28 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே வனைய வேண்டும். இதற்கு 2 கிலோவுக்குக் குறையாமல் மண் எடுத்துக்கொள்ளுங்கள். வாங்கும் மண்ணுக்கு ஏற்பச் சுருக்கம் மாறும், ஒரு சின்னப் பட்டையைச் சுட்டு அளந்து பார்த்துவிடலாம். அடியில் தட்டு ஊன்றி நிற்கும் கால்வளையம் செதுக்கப்போவதாக இருந்தால் அடியின் கனம் 8 முதல் 10 மில்லிமீட்டர் இருக்கட்டும்.

அடியைத் தாண்டி நிமிர்ந்து நிற்கும் தட்டின் ஓரத்தைச் சட்டுவத்தால் தொடவே தொடாதீர்கள். அது விரலின் வேலை, ஈரத் துணியின் வேலை. ஓரத்தை அழகுக்காக முழுசாகப் படுக்க வைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: 1200 டிகிரிக்கு மேல் மண் இளகும், படுத்த ஓரம் இன்னும் படுத்துவிடும். கொஞ்சம் நிமிர்ந்தே இருக்கட்டும்.

வனைந்து முடித்தாயிற்று. தட்டு மின்னுகிறது, சட்டுவம் கையிலேயே இருக்கிறது. அடியில் சொருகித் தோசைபோலத் தூக்கினால் என்ன? செய்தேன். கல்யாண வீட்டு அப்பளம்போல நாலு பக்கமும் நெளிந்து வந்தது. தட்டை வனையும்போதே சக்கரத்தின் மேல் ஒரு வட்டப் பலகையைப் பொருத்தி, அதன் மேல் வனைய வேண்டும். முடிந்ததும் பலகையோடு தூக்க வேண்டும். பிரிப்பதற்கு மெல்லிய கம்பிதான் சரி. கம்பியின் இரண்டு முனையையும் கட்டைவிரலால் பலகையோடு சேர்த்து இறுக்கிப் பிடித்து இழுங்கள். தொய்வாகப் பிடித்தால் அகலமான தட்டின் நடுவில் கம்பி மேலே ஏறி, அடியை மெலிதாக அறுத்துவிடும். மேலிருந்து பார்த்தால் தெரியாது, செதுக்கும்போது ஓட்டை விழுந்த பிறகுதான் தெரியும்.

காய வைப்பதில் மதுரைக்காரர்களுக்கென்றே சில தவறுகள் உண்டு. மொட்டைமாடியில் வெயில் இருக்கிறது, பிறகென்ன என்று நினைப்பதுதான் பெரியது. சித்திரை, வைகாசி வெயிலில் ஓரம் ஒரு மணி நேரத்தில் வெளுத்துவிடும், நடு ஈரமாகவே இருக்கும். ஓரம் முதலில் சுருங்கி நடுவை இழுக்கும், அடி குமிழும் அல்லது பிளக்கும். ஆடிக்காற்று இன்னும் மோசம், காற்று அடிக்கிற பக்கம் மட்டும் காய்ந்து தட்டு ஒரு பக்கமாகத் தூக்கிக்கொள்ளும். வெயிலும் வேண்டாம் காற்றும் வேண்டாம் என்று அறைக்குள் கொண்டுவந்து, மேலே சீலிங் ஃபேனைச் சுழலவிடுபவர்கள் இருக்கிறார்கள். சரி, என்னதான் செய்வது? ஓரத்தை மட்டும் பிளாஸ்டிக் தாளால் சுற்றிவிட்டு நடுவைத் திறந்து வையுங்கள். ஓரம் தன் கனத்தைத் தாங்கும் பதம் வந்ததும், இன்னொரு பலகையை மேலே வைத்துச் சேர்த்துப் பிடித்துக் கவிழ்த்துவிடுங்கள். இப்போது அடி காற்றைப் பார்க்கும், ஓரம் மறைந்திருக்கும். ஒரு வாரம் போனாலும் போகட்டும்.

அரைகுறையாகக் காய்ந்த அந்தப் பதத்தில்தான் கால்வளையம் செதுக்குவது. இதற்கும் சட்டுவத்தையே எடுத்தால் ஒரு வேடிக்கை நடக்கும். தகடு மெலிசு, வளைந்து கொடுக்கும். மண் கொஞ்சம் அதிகமாகக் காய்ந்திருந்தால், தகடு மண்ணில் பட்டுத் துள்ளும், விழும், மறுபடி துள்ளும். ‘டர்ர்ர்’ என்று சத்தம் வரும். தட்டின் அடியில் வரிசை வரிசையாகச் சின்னப் பள்ளங்கள் விழும். வேகத்தைக் கூட்டினால் இன்னும் துள்ளும். சக்கரத்தை மெதுவாக்க வேண்டும், மண்ணைக் கொஞ்சம் நனைக்க வேண்டும், வளையாத கூரான கருவியை எடுக்க வேண்டும். உடைந்த ஹேக்ஸா பிளேடே அருமையாகச் செதுக்கும்.

இந்தத் துள்ளலுக்கு ஒரு பழைய சொந்தம் இருக்கிறது. 1945இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் புதுச்சேரிக்குப் பக்கத்தில் உள்ள அரிக்கமேட்டில் தோண்டியபோது, உள்பக்கம் வட்ட வட்டமாகச் சிறு பள்ள வரிசைகள் கொண்ட, வழவழப்பான மெல்லிய தட்டுகள் நிறையக் கிடைத்தன. ‘ரௌலட்டட்’ வகை என்று அவற்றுக்குப் பெயர். வைகை கடலோடு சேரும் இடத்துக்குப் பக்கத்தில் உள்ள அழகன்குளத்திலும் இந்த வகை ஓடுகள் கிடைத்திருக்கின்றன. பல்சக்கரத்தை உருட்டி அந்த வரிசைகளைப் போட்டிருக்கலாம், அல்லது நெளியும் தகட்டை வேண்டுமென்றே துள்ளவிட்டிருக்கலாம் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். இரண்டாவதுதான் என் கட்சி. அதை நிரூபிக்க என்னிடம் சட்டுவத்தைத் தவிர வேறொன்றும் இல்லை. ஆக, இலையில் சாப்பிட்ட ஊருக்கு மண்தட்டு எதற்கு என்று மேலே சொன்னதைக் கொஞ்சம் திருத்திக்கொள்கிறேன். ஈராயிரம் வருஷத்துக்கு முன்னால் இந்த ஆற்றோரம் தட்டும் புழங்கியிருக்கிறது.

சூளையில் நடக்கும் தவறுகள் தனியாக எழுத வேண்டிய அளவுக்கு இருக்கின்றன. தட்டைப் பொறுத்தவரை சிலது மட்டும். கண்மாயில் எடுத்த செம்மண்ணைப் பீங்கான் சூட்டில் வைக்காதீர்கள். அந்த மண் 900, 1000 டிகிரியிலேயே வெந்துவிடும். 1200க்குக் கொண்டுபோனால் பொங்கும், உருகி வழியும், சூளைக்குள் தட்டை வைக்கும் பலகையையும் கெடுக்கும். குறைந்த சூட்டிலேயே உருகிப் பளபளக்கும், மலிவாகக் கிடைக்கும் காரீயம் கலந்த பூச்சைச் சாப்பாட்டுத் தட்டில் பூசவே கூடாது. புளிக்குழம்பும் ரசமும் காரீயத்தைக் கரைத்து எடுத்துவிடும். 573 டிகிரி வாக்கில் மண்ணில் உள்ள ‘குவார்ட்ஸ்’ என்ற படிகம் சட்டென்று உருமாறும். சூடு ஏறும்போது விரியும், இறங்கும்போது சுருங்கும். தட்டு அகலமாக இருப்பதால் ஒரு பக்கம் முந்தி ஆறினால் ‘டிங்’ என்று பிளந்துவிடும். அந்த இடத்தை மெதுவாகக் கடக்கவிடுங்கள். சூளைக்குள் 100 டிகிரிக்குக் கீழே இறங்கும்வரை கதவில் கை வைக்காதீர்கள்.

கடைசியாக, அடியில் ஒழுகிய பூச்சைத் துடைக்காமல் அடுக்குவது. கால்வளையத்தை ஈர ஸ்பாஞ்சால் சுத்தமாகத் துடைக்காவிட்டால், பூச்சு கண்ணாடியாக உருகித் தட்டைச் சூளைப்பலகையோடு சேர்த்து ஒட்டிவிடும். அப்படி ஒட்டிய ஒரு தட்டுக்கு அடியில், பழக்கதோஷத்தில், சட்டுவத்தைச் சொருகி நெம்பிப் பார்த்தேன். தட்டு மூன்றாக உடைந்தது. சட்டுவத்தின் முனை வளைந்துவிட்டது, இப்போது அது தோசைக்கும் ஆகாது.