ஜப்பானின் மூன்றாம் பிரிவு கால்பந்து கிளப்பைப் பின்தொடர்வது எப்படி? மட்சுமோட்டோ யமகாவை வைத்து ஒரு செய்முறை

பிரீமியர் லீக் பார்த்தே பழகியவர்களுக்கு, ஜப்பானின் மூன்றாம் பிரிவையெல்லாம் யார் பார்ப்பார்கள் என்றுதான் தோன்றும். ஆனால் ஒரு கிளப்பின் கதை முழுசாகப் பிடிபட வேண்டுமென்றால் கீழ்ப்பிரிவுக்குத்தான் போக வேண்டும். கோப்பைகளை எண்ணிக்கொண்டு உட்கார வேண்டாம், எண்ணினால் சீக்கிரம் முடிந்துவிடும். கிளப் எந்த ஆண்டு எந்தப் பிரிவில் ஆடியது, எப்படி ஏறியது, விழுந்தபோது யார் கூடவே இருந்தார்கள் என்று பாருங்கள். உதாரணத்துக்கு நாகானோ மாகாணத்தின் மட்சுமோட்டோ யமகாவை எடுத்துக்கொள்வோம்.

படி 1: ஏணியைத் தெரிந்துகொள்ளுங்கள்

ஜப்பானின் தொழில்முறை லீக்கான ஜே.லீக்கில் மேலிருந்து மூன்று பிரிவுகள்: ஜே1, ஜே2, ஜே3. 2024 முதல் மூன்றிலும் தலா 20 அணிகள். அதற்குக் கீழே ஜே.எஃப்.எல். (ஜப்பான் ஃபுட்பால் லீக்), அப்புறம் 9 வட்டார லீக்குகள், கடைசியில் மாகாண லீக்குகள். ஜே3-இல் முதல் இரண்டு இடம் பிடித்தால் நேரடியாக ஜே2. மூன்றிலிருந்து ஆறு வரை வந்தவர்கள் இன்னும் ஓர் இடத்துக்காகத் தங்களுக்குள் பிளேஆஃப் ஆட வேண்டும். கீழே விழுவதும் உண்டு: 2024-இல் கடைசியாக வந்த இவாத்தே குருல்லா மொரியோக்கா ஜே.எஃப்.எல்.-க்கு இறங்கியது.

புதிதாக வருபவர்கள் குழம்பும் இடம் ஒன்று. ஜே3 தொடங்கியதே 2014-இல்தான். அதற்கு முந்தைய பதிவுகளைப் படிக்கும்போது ஜே.எஃப்.எல்.-ஐ மூன்றாம் பிரிவாகவும் வட்டார லீக்கை நான்காம் பிரிவாகவும் கணக்கில் வையுங்கள்.

படி 2: கிளப் எங்கே பிறந்தது என்று தேடுங்கள்

ஜப்பானின் பல பெரிய கிளப்புகள் கம்பெனி அணிகளாகத் தொடங்கியவை. உராவா ரெட்ஸுக்குப் பின்னால் மிட்சுபிஷி, யோகோஹாமா எஃப் மரினோஸுக்குப் பின்னால் நிசான். யமகாவுக்கு அப்படி யாரும் இல்லை. மட்சுமோட்டோ ரயில் நிலையத்துக்கு எதிரே 'யமகா' என்றொரு காபிக்கடை இருந்தது. அங்கே வழக்கமாக வந்து உட்காரும் ஆட்டக்காரர்கள் 1965-இல் தொடங்கிய அணி இது. கடையின் பெயரே அணிக்கும் வந்தது. கடை பிறகு மூடப்பட்டுவிட்டது. 2017-இல் கிளப்பே அதே பெயரில் ஒரு காபிக்கடை திறந்தது!

படி 3: ஆண்டு வரிசையை ஒரு தாளில் எழுதுங்கள்

நாலைந்து வரி போதும். யமகாவுக்கு இப்படி வரும்:

2001 – விமான நிலையத்தின் பக்கத்தில் அல்வின் மைதானம் திறப்பு. சுமார் 20,000 இருக்கைகள்
2010 – ஜே.எஃப்.எல்.
2012 – ஜே2, பயிற்சியாளராக யசுஹாரு சொரிமாச்சி
2015 – ஜே1. அதே ஆண்டு இறக்கம்
2019 – ஜே2 சாம்பியனாக மீண்டும் ஜே1. மீண்டும் அதே ஆண்டு இறக்கம்
2022 – ஜே3

2021-இல் ஜே2-இன் 22 அணிகளில் 22-ஆவது இடம். கோவிட் காரணமாக 2020-இல் யாரையும் இறக்கவில்லை. அதனால் 2021-இல் நான்கு அணிகளை இறக்கினார்கள். இறங்கிய அந்த நால்வரில் ஒருவர் யமகா. இரண்டே ஆண்டு இடைவெளியில் முதல் பிரிவிலிருந்து மூன்றாம் பிரிவு. பணம் உள்ள கிளப்பே இதில் ஆடிப்போகும்.

படி 4: ஓரிரு ஆண்டுகளைத் தோண்டுங்கள்

இதுதான் முக்கியமான படி, இதற்கு நேரம் ஒதுக்குங்கள். யமகாவுக்கு நான் சொல்வது 2009-உம் 2011-உம்.

2009-இல் யமகா நான்காம் பிரிவான ஹொகுஷினெட்சு லீக்கில் நான்காம் இடம்தான் பிடித்தது. ஆனால் அந்த அக்டோபரில், எல்லாப் பிரிவு அணிகளும் மோதும் எம்பரர் கோப்பையில் உராவா ரெட்ஸ் அல்வினுக்கு வந்து 0-2 என்று தோற்றுப் போனது. இரண்டே ஆண்டுக்கு முன் ஆசிய சாம்பியனாக இருந்த அணி அது! லீக் கைவிட்டாலும் வேறு கதவு திறந்தது: அகில ஜப்பான் போட்டி ஒன்றை வென்று வட்டார லீக்குகளின் இறுதித் தொடருக்குள் நுழைந்து, அதையும் வென்று ஜே.எஃப்.எல்.-க்கு ஏறினார்கள். ஏணியின் சந்துபொந்துகளைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல பாடம் கிடையாது.

2011-ஐப் படிப்பது கஷ்டம். யோகோஹாமா எஃப் மரினோஸில் 16 ஆண்டு ஆடிய நவோகி மட்சுடா, 2002 உலகக் கோப்பையில் ஜப்பானுக்காக ஆடியவர், மூன்றாம் பிரிவு என்று பார்க்காமல் யமகாவுக்கு வந்தார். ஆகஸ்ட் 2 அன்று பயிற்சியில் சுருண்டு விழுந்தார். மாரடைப்பு. அந்தப் பயிற்சி மைதானத்தில் இதயத்துக்கு மின்னதிர்ச்சி தரும் ஏ.ஈ.டி. கருவி இல்லை. இரண்டு நாளில் இறந்தார். வயது 34. அந்த சீசனிலேயே அணி ஜே2-க்குத் தகுதி பெற்றது. அவருடைய 3-ஆம் எண் சட்டையை 2014 முதல் அணிந்தவர், மரினோஸில் அவரோடு ஆடிய ஹயுமா தனாகா.

படி 5: எதிரி யார் என்று பாருங்கள்

டெர்பி, அதாவது பக்கத்து ஊர் அணியோடு மோதும் ஆட்டம், தெரியாமல் கிளப் தெரியாது. யமகாவின் எதிரி அதே மாகாணத்தின் ஏசி நாகானோ பார்செய்ரோ. ஆட்டத்தின் பெயர் ஷின்ஷு டெர்பி; ஷின்ஷு என்பது இந்தப் பகுதியின் பழைய பெயர். இந்த ஊர்ப்பகை கால்பந்தைவிடப் பழையது. மட்சுமோட்டோ ஒருகாலத்தில் சிகுமா என்ற தனி மாகாணத்தின் தலைநகர். 1876-இல் அங்கிருந்த அலுவலகம் தீப்பிடித்தது, அதே ஆண்டு சிகுமாவின் பெரும்பகுதி நாகானோவோடு இணைக்கப்பட்டது. அதை மட்சுமோட்டோக்காரர்கள் இன்னும் மறந்தபாடில்லை. 2022-இல் யமகா ஜே3-க்கு இறங்கியதால் டெர்பி லீக்குக்குத் திரும்பியது. நாகானோவில் நடந்த முதல் ஆட்டத்துக்கு 13,000-க்கும் மேல் கூட்டம், கோல் இல்லாத டிரா. ஜே3-இல் பல ஆட்டங்கள் இரண்டாயிரம் மூவாயிரம் பேரோடு நடக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

படி 6: ஆட்டம் பார்க்கத் தொடங்குங்கள்

ஜப்பான் நம்மைவிட மூன்றரை மணி நேரம் முன்னே. அங்கே மதியம் 2 மணி ஆட்டம் இந்தியாவிலும் இலங்கையிலும் காலை 10.30. சீசன் 2025 வரை பிப்ரவரியில் தொடங்கி ஆண்டுக்கடைசியில் முடிந்தது. 2026 ஆகஸ்டிலிருந்து ஐரோப்பாவைப் போல ஆகஸ்ட் தொடக்கம். இடைப்பட்ட 2026 முதல் பாதிக்கு ஜே2, ஜே3 அணிகள் 40-உம் சேர்ந்து ஆடும் ஒரு சிறப்புத் தொடர். அதில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. அந்த முடிவுகளை உங்கள் தாளில் தனியாக எழுதுங்கள்.

முதல் ஆட்டமாக 2024 டிசம்பர் பிளேஆஃப் இறுதியின் தொகுப்பைத் தேடிப் பாருங்கள். எதிரணி கத்தாலே டோயாமா. டிரா ஆனால் புள்ளிப்பட்டியலில் மேலே இருந்த டோயாமாவுக்கே ஜே2 இடம். யமகா 2-0 என்று முன்னிலையில் இருந்தது. 80-ஆவது நிமிடத்தில் ஒன்று, 90 நிமிடம் முடிந்து நடுவர் சேர்த்த நேரத்தில் இன்னொன்று என்று டோயாமா திருப்பியது. 2-2. பச்சைச் சட்டை போட்ட யமகா ரசிகர்கள் இருந்த பகுதியைக் கேமரா காட்டும்போது நிறுத்திப் பாருங்கள். எத்தனை பேர் மலை தாண்டி வந்திருக்கிறார்கள் என்று தெரியும்.