ழான் ப்ரூவேயின் பழைய நாற்காலியை வாங்குவதற்கு முன்

பிரெஞ்சு வடிவமைப்பாளர் ழான் ப்ரூவேயின் நாற்காலி ஒன்று விற்பனைக்கு வந்திருப்பதாகத் தெரிந்தால், அதில் உட்கார்ந்து பார்ப்பதற்கு முன் அதைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பாருங்கள். ப்ரூவே கொல்லுப் பட்டறையில் தொழில் பழகியவர். தகடு எங்கே மடிகிறது, எங்கே பற்றவைக்கப்படுகிறது, மரம் எந்த இடத்தில் இரும்போடு சேர்கிறது என்பவற்றில்தான் அவருடைய வடிவமைப்பின் உயிர் இருக்கிறது. போலி செய்பவர்கள் பெரும்பாலும் மேல்தோற்றத்தில் கவனம் செலுத்துவதால், அடிப்பக்கம்தான் அவர்களைக் காட்டிக்கொடுக்கும்.

வாங்கத் தொடங்குமுன் சில ஆண்டுகளையாவது மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். விற்பவர் சொல்லும் கதையைச் சரிபார்க்க அவை உதவும். ப்ரூவே 1901-இல் பாரிஸில் பிறந்து நான்சி நகரில் வளர்ந்தார். 1924-இல் அங்கே சொந்தப் பட்டறை தொடங்கினார். பிற்காலத்தில் ஸ்டாண்டர்ட் என்று பெயர் பெற்ற நாற்காலியின் முதல் வடிவம், நான்காம் எண் நாற்காலியாக 1934-இல் உருவானது. போர்க்காலத்தில் எஃகு கிடைக்காமல் போனபோது அதே கட்டமைப்பை முழுக்க மரத்திலேயே செய்தார். 1947-இல் நான்சியை ஒட்டிய மாக்ஸேவிலில் பெரிய தொழிற்சாலை நிறுவினார். 1953-இல் அதன் நிர்வாகம் கைவிட்டுப் போனதால் வெளியேறினார். அவர் வெளியேறிய பிறகும் அவருடைய வடிவங்கள் விற்பனைக்கு வந்தன. பாரிஸில் ஸ்டெஃப் சிமோன் நடத்திய காட்சிக்கூடம் 1956 முதல் 1974 வரை அவற்றை விற்றது. ஆகவே ஒரு பொருளை அவர் பெயரில் பார்க்கும்போது, அது எந்தக் கட்டத்தில் செய்யப்பட்டது என்பதுதான் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி.

எதில் தொடங்குவது? மேசைகளும் புத்தக அடுக்குகளும் பல பத்தாயிரம் யூரோவைத் தாண்டிப் போகக்கூடியவை. தவிர, அடுக்குகளில் வடிவமைப்பாளர் ஷார்லோத் பெரியானின் பங்கு எவ்வளவு, ப்ரூவே பட்டறையின் பங்கு எவ்வளவு என்பதைப் பிரித்தறிவதற்கே தனிப் படிப்பு வேண்டும். புதிதாகச் சேகரிப்பவருக்கு ஒற்றை ஸ்டாண்டர்ட் நாற்காலிதான் ஏற்றது என்பது என் உறுதியான கருத்து. அதுவும் பல ஆயிரம் யூரோ விலை போகும் பொருள்தான். ஆனால் பல்கலைக்கழக விடுதிகளுக்கும் அலுவலகங்களுக்கும் நிறையச் செய்யப்பட்டதால், ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்க்க வாய்ப்பு இருக்கிறது. ப்ரூவே குடும்பத்தின் ஒத்துழைப்போடு விட்ரா என்ற அறைக்கலன் நிறுவனம் 2002 முதல் செய்துவரும் மறுதயாரிப்பையும் ஒரு முறை அருகில் பார்த்துவிடுங்கள். இன்றைய ஆலையின் துல்லியம் எப்படியிருக்கும் என்று கண்ணுக்குப் பழகினால், பழைய பட்டறையின் கைவேலை தானாகவே வேறுபட்டுத் தெரியும்.

இப்போது கவிழ்த்த நாற்காலிக்கு வருவோம். உட்காருபவர் பின்னால் சாயும்போது, இருக்கையும் முதுகும் சந்திக்கும் இடத்தில்தான் பாரம் மிகுதியாக விழுகிறது. அதனால் ப்ரூவே முன்கால்களுக்கு வெறும் எஃகுக் குழாயை வைத்துவிட்டு, பின்கால்களை மட்டும் மடித்த எஃகுத் தகட்டால், உள்ளே வெற்றிடம் விட்டு, இருக்கை மட்டத்தில் அகன்றும் மேலும் கீழும் குறுகியும் போகும்படி அமைத்தார். அந்தப் பின்கால் ஓரத்தை விரலால் தடவிப் பாருங்கள். அழுத்த இயந்திரத்தில் மடித்த விளிம்பு சற்றே உருண்டு ஓடும். தனித்தனித் தகடுகளை வெட்டி ஒட்டிய போலியில் அந்த ஓட்டம் இராது, விளிம்பு கூர்மையாகவோ அரத்தால் தேய்த்த மழுப்பலாகவோ இருக்கும். பற்றவைத்த இடங்களில் மனிதக் கை தெரிய வேண்டும். நான்கு மூலைகளும் அச்சில் வார்த்ததுபோல ஒரே மாதிரி இருந்தால் சந்தேகப்படுங்கள்.

அடுத்து மரம். இருக்கையும் முதுகும் வளைத்த பிளைவுட். அவற்றின் அடிப்பக்கம் பல பத்தாண்டுகள் காற்றுப்பட்டுக் கறுத்திருக்கும்; ஆனால் இரும்பு மூடியிருந்த இடம் மட்டும் வெளிறியே இருக்கும். ஒரு வியாபாரி எனக்குக் காட்டிய நாற்காலியில் சட்டகம் ஐயத்துக்கு இடமில்லாமல் பழையது. உரிமையாளரின் அனுமதியோடு ஒரு திருகாணியைத் தளர்த்தி இருக்கையைச் சற்றே நகர்த்தியபோது, இரும்புக்கு அடியிலும் பக்கத்திலும் மரம் ஒரே நிறத்தில் இருந்தது. பழைய சட்டகத்தில் புதிய பலகை பொருத்தி, மேலே சாயம் பூசியிருக்கிறார்கள். இப்படிப் பாதி பழையதும் பாதி புதியதுமான பொருள்கள் முழுப் போலிகளைவிட ஏமாற்றக்கூடியவை. மேசைகளில் கால்கள் அசலாகவும் மேற்பலகை மாற்றியதாகவும் இருக்கக்கூடும். எந்தெந்தப் பாகம் அசல் என்று நேராகக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

பெயின்ட் பற்றித் தனியே சொல்ல வேண்டும், ஏனென்றால் மிகுதியான சேதம் இங்கேதான் நடக்கிறது. தேய்மானத்துக்கு ஒரு நியாயம் உண்டு. முதுகைத் தாங்கும் சட்டகத்தில் கை பிடிக்கும் இடம், காலணி இடிக்கும் முன்கால்கள், தரை துடைக்கும் தண்ணீர் படும் கால் நுனிகள் ஆகிய இடங்களில் பெயின்ட் போயிருக்கும். கை எட்டாத உள்மூலைகளில் அப்படியே இருக்கும். எல்லா இடத்திலும் ஒரே சீராகத் தேய்ந்திருந்தால் அது உப்புத்தாள் செய்த வேலை. பழைய துரு கரும்பழுப்பாக இறுகியிருக்கும். விரலில் ஒட்டும் ஆரஞ்சுத் துரு அண்மையில் வந்தது. முதல் பெயின்டை முழுவதும் உரித்துப் புதிதாகப் பூசிய நாற்காலி எவ்வளவு பளபளத்தாலும், அடிபட்ட அசல் பூச்சுள்ள நாற்காலியையே நான் தேர்ந்தெடுப்பேன். அந்தப் பூச்சு போய்விட்டால் வயதைச் சொல்லும் சாட்சியும் போய்விடுகிறது.

பெரும்பாலான அசல் பொருள்களில் ப்ரூவேயின் கையெழுத்தோ முத்திரையோ இருப்பதில்லை. அதனால் பொருள் எங்கிருந்து வந்தது என்ற வரலாறுதான் பாதி மதிப்பு. ஆந்தோனியில் இருந்த மாணவர் விடுதி, மெட்ஸ் நகரத்து ஃபாபேர் பள்ளி, காங்கோவின் பிராசவில்லில் ஏர் பிரான்ஸ் ஊழியர்களுக்காகக் கட்டிய குடியிருப்பு போன்ற இடங்களுக்குப் பட்டறை செய்துகொடுத்த பொருள்கள் பின்னாளில் சந்தைக்கு வந்தன. இத்தகைய நிறுவனங்கள் சாமான் கணக்குக்காக ஒட்டிய சிறு தகடோ, தூரிகையால் எழுதிய எண்ணோ அடிப்பக்கத்தில் இருந்தால் அதை ஒருபோதும் சுத்தம் செய்யாதீர்கள். பட்டறையின் ஆவணங்கள் மெர்த்-எ-மொஸெல் மாவட்ட ஆவணக் காப்பகத்திலும், பாரிஸின் போம்பிடு கலை மையத்துக்குரிய கான்டின்ஸ்கி நூலகத் தொகுப்பிலும் இருக்கின்றன. பெரிய தொகை கொடுக்கும் முன் அந்த ஆவணங்களில் தேடுவதற்காகச் செலவிடும் ஒரு வாரம் வீண்போகாது.

வாங்கும் இடங்கள் தெரிந்தவைதான். பாரிஸில் இந்தக் காலத்துப் பொருள்களையே கையாளும் காட்சிக்கூடங்கள், ட்ரூவோ ஏல மையம், சேன்-துவான் பழம்பொருள் சந்தை. ஏலத்தில் சுத்தியல் விழுந்த தொகைக்கு மேல் நான்கில் ஒரு பங்கோ அதற்கும் அதிகமாகவோ கமிஷன் சேரும் என்பதால், உங்கள் உச்சவரம்பை அதையும் கூட்டியே முடிவு செய்யுங்கள். பிரான்சில் 1981 மார்ச் 3 தேதியிட்ட அரசாணை, கலைப்பொருள் விற்பனையில் பயன்படுத்தும் சொற்களுக்குச் சட்டப் பொருள் கொடுத்திருக்கிறது. நேரடியாகப் படைப்பாளியின் பெயரைப் போட்டு எழுதினால் அது உத்தரவாதம். 'அத்ரிபுவே' என்று எழுதினால், அந்தக் காலத்தில் செய்யப்பட்டது, அவருடையது என நம்ப வலுவான காரணம் உண்டு என்ற அளவே. 'அவர் பாணியில்' என்றால் எந்த உத்தரவாதமும் கிடையாது. ரசீதில் பொருளின் தன்மை, ஆக்கக்கூறுகள், தோற்றுவாய், காலம் ஆகியவற்றைக் குறிப்பிடும்படி கேட்க வாங்குபவருக்கு உரிமை உண்டு. கொடுக்கத் தயங்குபவரிடமிருந்து விலகிவிடுவது நல்லது.

வீட்டுக்கு வந்த பிறகு செய்ய வேண்டியது குறைவு. நேர்வெயில் படாமலும் ஈரத்தரையில் நிற்காமலும் வையுங்கள். உலர்ந்த மென்துணியால் துடையுங்கள். துருப்பிடித்த இடத்தில் நிறமற்ற மெழுகை மெல்லியதாகப் பூசினால் போதும். பழைய பெயின்டில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால் உப்புத்தாளைத் தொடவே வேண்டாம். ஆடும் திருகாணியை இறுக்கலாம், மாற்றக் கூடாது. உடைந்து மாற்றியே ஆக வேண்டியிருந்தால் பழையதை ஓர் உறையிலிட்டு நாற்காலியோடு வைத்திருங்கள். அடிப்பக்கம், மூட்டுகள், கணக்கு எண் ஆகியவற்றைப் படமெடுத்து, ரசீதுடன் ஒரே கோப்பில் சேருங்கள். நாளை அந்த நாற்காலி கைமாறும்போது, அதைக் கவிழ்த்துப் பார்க்கப்போகும் அடுத்தவருக்கு அந்தக் கோப்பு தேவைப்படும்.