மீன் தொட்டிக்குக் காய்கறி போடும்போது

கோல்டு ஃபிஷ், மோலி, பிளெக்கோ மீன்களுக்கு வாரம் ஓரிரு முறை காய்கறி கொடுங்கள், விரும்பித் தின்னும். வெள்ளரி, சுக்கினி, பசலைக்கீரை எதுவானாலும் நன்றாகக் கழுவி, உப்பில்லாத கொதிநீரில் ஓரிரு நிமிடம் போட்டெடுத்து ஆறவிடுங்கள். மிதந்தால் ஸ்டீல் முள்கரண்டியில் குத்தி இறக்கலாம்.

எனக்கு மிகவும் பிடித்தது பச்சைப் பட்டாணிதான். வேகவைத்துத் தோலுரித்து, நசுக்கிப் போடுங்கள். மலச்சிக்கலால் வயிறு உப்பிய கோல்டு ஃபிஷுக்கு நல்ல கைமருந்து.

பிளெக்கோ இரவில்தான் மேயும். அதனால் விளக்கை அணைத்தபின் போட்டு, மிச்சத்தைக் காலையில் கட்டாயம் எடுத்துவிடுங்கள். அழுகினால் தண்ணீரில் அம்மோனியா ஏறும், மீன்கள் செத்துப்போகும். பெட்டா புழு பூச்சி தின்னும் மீன், அதற்குக் காய்கறி வேண்டாம்.