ஈடிபஸிடம் குணக்கேட்டைத் தேடலாமா? கிரேக்கத் துன்பியல் நாடக வாசிப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிரேக்கத் துன்பியல் நாடகங்களைப் பற்றி எழுத உட்காருபவர்களில் பலர் முதலில் செய்யும் வேலை, நாயகனிடம் ஒரு குணக்கேட்டைக் கண்டுபிடித்து அதற்குப் பெயர் வைப்பதுதான். ஈடிபஸ் என்றால் ஆணவம் அல்லது முன்கோபம், கிரியோன் என்றால் பிடிவாதம், அகமெம்னன் என்றால் புகழாசை என்று எழுதி முடித்ததும் நாடகமே விளங்கிவிட்டது போன்ற நிறைவு வந்துவிடுகிறது. உண்மையில் அந்த இடத்தில்தான் வாசிப்பு நின்றுபோகிறது. நாயகன் எதை அறிந்திருந்தான், எதை அறியாமல் எதைச் செய்தான் என்ற கேள்விகளை விட்டுவிட்டு அவனுக்கு நன்னடத்தைச் சான்றிதழ் எழுதுவது, மாணவர்கள் மட்டுமல்லாமல் அவர்களுக்குக் கற்பிப்பவர்களும் செய்துவரும் பெரிய தவறு.

இதற்கு ஆதாரமாக எல்லோரும் காட்டுவது அரிஸ்டாட்டிலை. கி.மு. 335 வாக்கில் உருவானதாகக் கருதப்படும் 'கவிதையியல்' நூலின் 13ஆம் அதிகாரத்தில், துன்பியலுக்கு ஏற்ற நாயகன் அறத்தில் தலைசிறந்தவனாகவும் இருக்கக்கூடாது, கொடியவனாகவும் இருக்கக்கூடாது என்கிறார் அவர். அவனுடைய வீழ்ச்சி தீய குணத்தால் வராமல் ஒரு 'ஹமார்த்தியா'வால் வரவேண்டும் என்றும் சொல்கிறார். எறிந்த ஈட்டி குறி தவறுவதற்கு ஹோமர் பயன்படுத்தும் வினைச்சொல்லின் குடும்பத்தைச் சேர்ந்த சொல் அது. அறியாமல் செய்த பிழை முதல் முடிவெடுப்பதில் நேரும் தவறு வரை எதெல்லாம் இதில் அடங்கும் என்பதில் அறிஞர்களிடையே இன்றும் விவாதம் உண்டு. ஆனால் தீய குணத்தை அரிஸ்டாட்டில் வெளிப்படையாக விலக்கியிருக்கும்போது, அவர் பெயரைச் சொல்லியே ஒவ்வொரு நாயகனிடமும் ஒரு தீய குணத்தைத் தேடுவது முறையாகாது. மேலும், அவர் பிறந்தது கி.மு. 384இல். சோபோக்ளிஸும் யூரிப்பிடிஸும் இறந்து இருபது ஆண்டுகளுக்கும் மேல் கடந்துவிட்ட காலம் அது. அவர் வகுத்த இலக்கணத்தை வைத்துக்கொண்டு அந்த நாடகாசிரியர்கள் எழுதவில்லை.

அரிஸ்டாட்டில் எடுத்துக்காட்டாகச் சொல்லும் ஈடிபஸையே, சோபோக்ளிஸின் 'ஈடிபஸ் மன்னன்' நாடகத்தில் பார்ப்போம். கொரிந்து நகரின் விருந்தொன்றில், குடிபோதையில் இருந்த ஒருவன் 'நீ உன் தந்தைக்குப் பிறந்தவன் அல்ல' என்று சொல்லிவிட, உண்மையை அறிய ஈடிபஸ் அப்பல்லோ தெய்வத்திடம் குறி கேட்கும் தலமான டெல்ஃபிக்குப் போகிறான். தந்தையைக் கொன்று தாயை மணப்பாய் என்ற வாக்கு கிடைத்ததும், பெற்றோர் என்று தான் நம்பியவர்களைக் காப்பாற்றுவதற்காக ஊருக்கே திரும்பாமல் விலகிச் செல்கிறான். மூன்று சாலைகள் சந்திக்கும் இடத்தில் எதிரே வந்த வண்டிக்காரர்கள் அவனை வழியிலிருந்து தள்ளுகிறார்கள். வண்டியில் இருந்த முதியவர் இருமுனைத் தார்க்கோலால் அவன் தலையில் அடிக்கிறார். அவன் திருப்பி அடிக்கிறான், மற்றவர்களையும் வீழ்த்துகிறான். அந்த முதியவர்தான் தீப்ஸ் நகரின் மன்னன் லாயஸ், அவனைப் பெற்ற தந்தை. பிறகு தீப்ஸின் மன்னனாகும் ஈடிபஸ், தாயென்று அறியாமலே லாயஸின் மனைவி யொகாஸ்டாவை மணக்கிறான். பிற்காலத்தில் சோபோக்ளிஸ் எழுதிய 'கொலோனஸில் ஈடிபஸ்' நாடகத்தில், தாக்கப்பட்டதால் தாக்கினேன், யாரென்று அறியாமல் கொன்றேன், சட்டத்தின் முன் நான் தூயவன் என்று ஈடிபஸே வாதாடுகிறான்.

அவனுக்குக் கோபம் வருவதில்லை என்று நான் சொல்லவில்லை. தீர்க்கதரிசி தைரேசியஸைச் சதிகாரன் என்கிறான், யொகாஸ்டாவின் சகோதரன் கிரியோனைக் கொல்லத் துணிகிறான். ஆனால் மேடையில் முதல் வசனம் ஒலிக்கும் முன்பே கொலையும் திருமணமும் நடந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. மேடையில் நம் கண்முன் நடப்பது ஒரு விசாரணை. கொள்ளைநோயால் சாகும் நகரத்தைக் காக்கத் தொடங்கிய விசாரணை அது. யொகாஸ்டா உண்மையை ஊகித்துவிட்டு, இதற்கு மேல் தேடவேண்டாம் என்று மன்றாடுகிறாள், அவன் கேட்கவில்லை. கடைசியில், அவன் பிறப்பின் உண்மையை அறிந்த கிழட்டு இடையன், சொல்லக்கூடாத பயங்கரத்தின் விளிம்புக்கு வந்துவிட்டேன் என்று தயங்கும்போது, நான் கேட்கக்கூடாததன் விளிம்பில் இருக்கிறேன், ஆனாலும் கேட்டே ஆகவேண்டும் என்கிறான் ஈடிபஸ். தீப்ஸ் மக்கள் எந்த உறுதியை நம்பி அவனிடம் வந்தார்களோ அதே உறுதிதான் அவனை அழிக்கிறது. அதைக் குணக்கேடு என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. எல்லாம் விதிப்படி நடந்தது, நாயகன் வெறும் பொம்மை என்று முடித்துவிடுவது. கொலையையும் திருமணத்தையும் அப்பல்லோவின் வாக்கு முன்னரே சொன்னது உண்மை, லாயஸைக் கொன்றவனைத் தேடச் சொன்னதும் அதே தெய்வம்தான். ஆனால் தன் பிறப்பைத் துருவிப் பார்க்க அவனை எவரும் வற்புறுத்தவில்லை. கண்களைக் குத்திக்கொண்டு வெளியே வந்தவன், என் துன்பங்களை நிறைவேற்றியவன் அப்பல்லோ, கண்களைக் குத்திய கை என்னுடையது என்கிறான். தெய்வச்செயலும் மனிதச்செயலும் ஒரே கூற்றில் அருகருகே நிற்கின்றன. ஒன்றை எடுத்துக்கொண்டு மற்றதைத் தள்ளினால் சோபோக்ளிஸ் எழுதியதில் பாதிதான் நம்மிடம் மிஞ்சும்.

'ஹியூப்ரிஸ்' என்ற சொல்லை எல்லா நாயகர்களுக்கும் ஒட்டுவதும் இப்படித்தான். ஏதென்ஸில் அது வழக்குத் தொடரக்கூடிய குற்றத்தின் பெயர். பிறரை அவமானப்படுத்தி இன்பம் காணும் வன்செயலைக் குறித்தது. அது பொருந்தும் நாடகங்கள் இருக்கின்றன. கி.மு. 472இல் அரங்கேறிய ஈஸ்கிலஸின் 'பாரசீகர்' நாடகத்தில், கடலுக்குப் பாலம் கட்டிய செர்க்சிஸின் செயலை அவன் தந்தை தாரியஸின் ஆவியே கண்டிக்கிறது. தெய்வத் துணை இல்லாமலே வெல்வேன் என்று பேசிய, சோபோக்ளிஸின் இன்னொரு நாயகனான அஜாக்ஸும் அந்த வரிசையில் வருவான். ஈடிபஸ் நாடகத்திலும், நகர முதியவர்களாக மேடையில் பாடும் குழுவான கோரஸ் ஒரு பாடலில் ஹியூப்ரிஸைப் பற்றிப் பாடுகிறது. அது அந்த நேரத்தில் முதியவர்களுக்கு எழுந்த அச்சமே அன்றி நாடகத்தின் தீர்ப்பு அல்ல. கோரஸ் சொல்வதையெல்லாம் ஆசிரியரின் குரலாக எடுத்துக்கொள்ளக்கூடாது.

ஒவ்வொரு நாடகத்துக்கும் ஒரே ஒரு நாயகன் இருக்கவேண்டும் என்ற எதிர்பார்ப்பு 'ஆன்டிகனி'யில் உடைந்துபோகிறது. மன்னன் கிரியோனின் தடையை மீறித் தன் சகோதரன் பொலினைசிஸின் உடலை அடக்கம் செய்ததற்காக ஆன்டிகனி பாறைக்குகைக்குக் கொண்டுசெல்லப்பட்ட பிறகும் நாடகத்தில் கணிசமான பகுதி மீதமிருக்கிறது. அதைச் சுமப்பவன் கிரியோன். அவனைப் பிடிவாதக்காரன் என்று எழுதுபவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை: அவன் மனம் மாறுகிறான். முதலில் பெண்ணை விடுவி, பிறகு பிணத்துக்குக் கல்லறை எழுப்பு என்று கோரஸ் சொல்கிறது. கிரியோனோ முதலில் பொலினைசிஸின் உடலைக் கழுவி, எரித்து, மண்மேடு எழுப்பிவிட்டுத்தான் குகைக்குப் போகிறான். அதற்குள் அவள் தூக்கிட்டுக்கொண்டாள். பிடிவாதம் தளர்ந்த பிறகும் காரியங்களின் வரிசை மாறியதால் வந்த அழிவை 'பிடிவாதம்' என்ற ஒரு சொல் எப்படி விளக்கும்?

பிழையே இல்லாமல் வீழ்பவர்களும் உண்டு. யூரிப்பிடிஸின் 'ஹெராக்ளிஸ்' நாடகத்தில், நாயகன் தன் குடும்பத்தைக் கொடுங்கோலனிடமிருந்து மீட்ட உடனேயே, ஹீரா என்ற பெண்தெய்வத்தின் பகையால் அவன்மீது பைத்தியம் ஏவப்படுகிறது. பைத்தியத்தின் தெய்வமான லிஸாவே, இவன் இதற்குத் தகுந்தவன் அல்ல என்று வாதாடுகிறாள். தன் விருப்பமின்றியே இதைச் செய்வதாகச் சூரியனைச் சாட்சிக்கு அழைத்துவிட்டுத்தான் உள்ளே நுழைகிறாள். ஹெராக்ளிஸ் தன் கையாலேயே மனைவியையும் பிள்ளைகளையும் கொல்கிறான். இங்கே குணக்கேட்டைத் தேடுபவர், அந்தத் தெய்வமே ஏற்காத ஒரு குற்றச்சாட்டைத் தாமாகவே உருவாக்கவேண்டியிருக்கும்.

துன்பியல் நாடகம் சாவில்தான் முடியவேண்டும் என்பதும் தவறான எண்ணமே. பாம்பு கடித்த புண்ணோடு லெம்னோஸ் தீவில் கைவிடப்பட்ட ஃபிலோக்டெட்டிஸ், கி.மு. 409இல் அரங்கேறிய சோபோக்ளிஸின் நாடக முடிவில் நலம்பெறும் வாக்குறுதியோடு டிராய்க்குப் புறப்படுகிறான். அரிஸ்டாட்டிலும் 14ஆம் அதிகாரத்தில், கொல்லப்போகும் நேரத்தில் இன்னாரென்று அறிந்து கை நின்றுவிடும் வகையைச் சிறந்தது என்கிறார். அவர் அங்கே காட்டும் எடுத்துக்காட்டுகளில் ஒன்று, பலியாகவிருந்த தம்பியை அக்காள் அடையாளம் கண்டுகொள்ளும் யூரிப்பிடிஸின் 'டாரிஸில் இஃபிஜீனியா'.