இடிசி ஃபோல்டரில் கை வைக்கும் முன்

வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஒரு துணிக்கடையின் பில்லிங் கம்ப்யூட்டரில் உபுண்டு என்ற லினக்ஸ் ஆபரேட்டிங் சிஸ்டத்தைப் போட்டுக் கொடுத்திருந்தேன். தீபாவளிக்கு முந்தின வாரம், காலையிலேயே கடைக்காரர் போன் செய்தார். "தம்பி, சிஸ்டம் ஆன் ஆக மாட்டேங்குது. ஒன்றரை நிமிஷம் என்னமோ எண்ணுது, அப்புறம் எமர்ஜென்சி மோடுன்னு வருது. கடையில கூட்டம், சீக்கிரம் வாப்பா."

தவறு என்னுடையதுதான். சிஸ்டத்தின் செட்டிங்ஸ் ஃபைல்கள் 'இடிசி' என்ற ஃபோல்டரில் இருக்கும். ஆன் ஆகும்போது எந்த டிஸ்க்கை எங்கே இணைப்பது என்று சொல்லும் 'எஃப்எஸ்டேப்' ஃபைலும் அங்கேதான். பேக்கப் எடுக்கும் எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்குக்காக அதில் ஒரு வரி சேர்த்திருந்தேன். டிஸ்க் இல்லாவிட்டாலும் கம்ப்யூட்டர் ஆன் ஆக வேண்டும் என்று 'நோஃபெயில்' என்றும் எழுதியிருந்தேன். ஆனால் 'டிஃபால்ட்ஸ்' என்ற சொல்லை அடுத்த கமாவுக்குப் பின்னால் ஒரு ஸ்பேஸ் விழுந்திருந்தது. அந்த ஃபைலில் ஒரு வரிக்கு 6 கட்டங்கள். ஸ்பேஸ் வந்தால் அடுத்த கட்டம் ஆரம்பம். எண் இருக்க வேண்டிய ஐந்தாவது கட்டத்தில் நோஃபெயில் போய் உட்கார்ந்துவிட்டது. டிஸ்க் செருகியிருந்த வரை ஒன்றும் தெரியவில்லை. முதல் நாள் இரவு அவர் அதைக் கழற்றி வீட்டுக்கு எடுத்துப் போனார், மறுநாள் இந்தக் கதி.

லைவ் யூஎஸ்பியில் (உபுண்டுவை நேராக ஓட்டும் பென்டிரைவ்) பூட் செய்து அந்த ஸ்பேஸை அழித்ததும் சரியாகிவிட்டது. அதுவரை கடைப் பையன்கள் கையால் பில் எழுதிக்கொண்டிருந்தார்கள். எனக்கு மனசே கேட்கவில்லை.

எஃப்எஸ்டேபைத் திருத்திவிட்டு, சரியா என்று பார்க்க ரீஸ்டார்ட் செய்பவர்கள் நிறைய பேர். தயவுசெய்து வேண்டாம். 'ஃபைண்ட்மவுண்ட்' கமாண்டை 'வெரிஃபை' ஆப்ஷனோடு ஓட்டுங்கள். நான் அன்றைக்கே அதை ஓட்டியிருந்தால் எந்த வரியில் கோளாறு என்று காட்டியிருக்கும். கமாண்ட் தட்டும் டெர்மினல் திறந்திருக்கும்போது தெரியும் தவறு ஒரு பொருட்டே இல்லை. ரீஸ்டார்ட்டுக்குப் பின் தெரிந்தால் பெரிய தலைவலி.

அட்மின் அனுமதியோடு ஒரு கமாண்டை ஓட்ட 'சூடோ' போடுவோம். அதை யார் போடலாம் என்று சொல்லும் 'சூடோயர்ஸ்' ஃபைலைச் சாதாரண எடிட்டரில் திறப்பது அடுத்த தவறு. அதில் எழுத்துப்பிழை நேர்ந்தால் சூடோவே மறுத்துவிடலாம். பிறகு அதைத் திருத்தவும் அனுமதி இருக்காது. 'விசூடோ' என்று தனியாக ஒரு கமாண்ட் இருப்பதே இதற்காகத்தான். பிழை இருந்தால் சேமிக்கும் முன் நிறுத்திக் கேட்கும். மற்ற ஃபைல்களுக்கு 'சூடோஎடிட்' நல்லது. ஒரு தற்காலிக நகலை உங்கள் பெயரிலேயே திறந்து, முடித்ததும் உரிய இடத்தில் எழுதிவைக்கும். ஜன்னலோடு திறக்கும் டெக்ஸ்ட் எடிட்டரை சூடோ போட்டு ஓட்டினால், உங்கள் ஹோம் ஃபோல்டரில் உள்ள சில ஃபைல்கள் 'ரூட்' என்ற அட்மின் கணக்கின் உடைமையாகிவிடக்கூடும். அப்புறம் செட்டிங்ஸ் சேமிக்க முடியவில்லை, லாகின் ஆகவில்லை என்று வேறு எங்கோ தேடிக்கொண்டிருப்பீர்கள்.

நகல் எடுக்காமல் திருத்தக்கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். நகலை எங்கே வைக்கிறோம் என்பதைத்தான் யாரும் கவனிப்பதில்லை. பெயர் 'டாட் டி' என்று முடியும் ஃபோல்டர்களில், 'கான்ஃப்' என்று முடியும் ஃபைல்களையெல்லாம் படிக்கும் ப்ரோக்ராம்கள் உண்டு. பழைய நகலுக்கும் அதே முடிவு கொடுத்து அங்கேயே வைத்தால் அதையும் சேர்த்துப் படிக்கும். ஹோமில் ஒரு ஃபோல்டர் போட்டு, தேதியோடு வையுங்கள்.

கம்ப்யூட்டர் ஆன் ஆனதும் உபுண்டுவை ஏற்றிவிடும் ப்ரோக்ராம் 'க்ரப்'. அதன் 'க்ரப் டாட் சிஎஃப்ஜி' ஃபைலை நேராகத் திருத்துவதும் வீண் வேலை. திருத்தாதே என்று அந்த ஃபைலின் தலைப்பிலேயே எழுதியிருக்கும். 'இடிசி'யின் 'டிஃபால்ட்' ஃபோல்டரில் உள்ள 'க்ரப்' ஃபைலை மாற்றி, 'அப்டேட்-க்ரப்' ஓட்டுங்கள். இல்லாவிட்டால் அடுத்த கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) அப்டேட்டில் நீங்கள் எழுதியது காணாமல் போகும்.

போனில் வந்த மெசேஜிலிருந்து வரிகளைக் காப்பி செய்யும்போது மேற்கோள் குறிகளைப் பாருங்கள். வளைந்த குறி பார்க்க அழகு, ஆனால் கான்ஃபிக் ஃபைலுக்கு அது வேறு எழுத்து. நேர்க்குறியாக நீங்களே தட்டிவிடுங்கள்.

அப்டேட்டின் நடுவே, நீங்கள் மாற்றிய ஃபைலுக்குப் புதிய பதிப்பு வந்திருக்கிறது, என்ன செய்யட்டும் என்று உபுண்டு சில நேரம் கேட்கும். அவசரத்தில் 'ஒய்' தட்டினால் உங்கள் ஃபைலின் இடத்தில் புதியது வந்துவிடும். முதலில் 'டி' தட்டுங்கள், இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று வரி வரியாகக் காட்டும்.